8 வாரம் சுழற்சி டயட், கூடவே ஜிம்: இறங்கிவிட்டேன், தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

பம்புசெட் | ஆகஸ்ட் 17, 2025

வணக்கம். வயது 36, உயரம் 171 செ.மீ., இன்று காலை எடை 79.4 கிலோ. தொப்புளுக்கு நேராக இடுப்பு 93 செ.மீ. கோவை கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மூன்று வருடமாக விடாமல் ஜிம் போகிறேன். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 110 கிலோவில் 5 முறை, பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்புக்கு மேலே தூக்குவது) 75-இல் 5 முறை. பலம் வந்துவிட்டது, தொப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு 42 வயதிலேயே சர்க்கரை வந்தது. எனக்கு ஜனவரியில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.8. நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

வாரத்தில் நாலு நாள் குறைத்து, பிறகு கார்பை ஏற்றிச் சாப்பிடும் முறை இது. நாளை தொடங்குகிறேன். திங்கள் முதல் வியாழன் மாலை வரை ஒரு நாளைக்கு 1,200 கலோரி. அதில் புரோட்டீன் 160 கிராம், கார்ப் (மாவுச்சத்து) 50 கிராமுக்குள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஜிம்மில் எடையைக் குறைத்து, உடம்பு முழுக்க, 15 ரெப் (விடாமல் 15 முறை தூக்குவது, அது ஒரு செட்), செட்டுக்கு நடுவே ஒரு நிமிட ஓய்வு. புதன் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று நடை. வியாழன் மாலை கனமான எடை, 6 முதல் 8 ரெப். அது முடிந்ததும் கார்ப் ஏற்றம் தொடங்கும். வெள்ளி இரவுக்குள் 600 கிராம் கார்ப் போக வேண்டும், கொழுப்பு 40 கிராமைத் தாண்டக் கூடாது. சனி மிகக் கனமான எடை, குறைந்த ரெப். ஞாயிறு வீட்டுச் சாப்பாடு அளவாக. அக்டோபர் 12 ஞாயிறோடு 8 வாரம் முடியும், அதிலிருந்து எட்டாம் நாள் தீபாவளி.

செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிராங்கூன் | ஆகஸ்ட் 17

தம்பி, நான் இதை இரண்டு தடவை செய்திருக்கிறேன், 2019-இல் ஒன்று, 2022-இல் ஒன்று. சறுக்கும் இடம் வெள்ளிக்கிழமைதான்.

முதலில் இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் விதிகள் தானாக மனசில் நிற்கும். 1966-இல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் உடம்பிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள். அடுத்த மூன்று நாளும் கார்ப் நிறைந்த சாப்பாடு. பிறகு தொடையில் ஊசி போட்டுத் தசையை எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைகோஜன் (தசை சேர்த்துவைக்கும் சர்க்கரை) மிதிக்காத காலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. சாப்பிட்டது ஒரே வாய், ஓடியது ஒரே ரத்தம், காலியாக இருந்த தசைதான் இழுத்துக்கொண்டது. உங்கள் திங்கள், செவ்வாய் 15 ரெப் எல்லாம் இதற்காகத்தான். அந்த இரண்டு நாளை ஏனோதானோ என்று செய்துவிட்டு வெள்ளியன்று 600 கிராம் ஏற்றினால், போக இடம் இருக்காது.

இரண்டாவது, ஏற்ற நாள் என்பது இஷ்டத்துக்குச் சாப்பிடும் நாள் கிடையாது. 600 கிராம் கார்ப் என்றால் சுமார் 750 கிராம் பச்சை அரிசி. அளந்து ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். சோறு, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், வெல்லம் சேர்த்த அவல், இதெல்லாம் சரி. பிரியாணி, பரோட்டா, நெய் ரோஸ்ட், அல்வா எதுவும் ஆகாது. கார்ப் மேலே வந்து கொட்டும்போது உடம்பு அதைத்தான் எரிக்கும். கூடவே போகிற கொழுப்பு நேராக இடுப்புக்குப் போய்விடும். 2019-இல் நான் செய்த தப்பு இதுதான். ஆறு வாரம் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளியும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மட்டன் பிரியாணி. ஆறு வாரத்தில் ஒரு கிலோகூட இறங்கவில்லை.

மூன்றாவது உப்பு. கார்ப் குறைந்தால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடும், கூடவே தண்ணீரும் போகும். புதன்கிழமை தலைவலி வந்தால் மாத்திரை தேடாமல் ஒரு டம்ளர் ரசத்தில் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

கணக்கன் | ஆகஸ்ட் 18

நண்பரே, உற்சாகத்தைக் கெடுக்க வரவில்லை. ஆனால் வாரக் கணக்கை ஒரு தடவை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

உங்கள் எடைக்கும் வேலைக்கும் ஒரு நாள் செலவு 2,350 கலோரி என்று வைத்துக்கொள்வோம். நாலு நாள் 1,200 சாப்பிட்டால் நாளுக்கு 1,150 குறைவு, மொத்தம் 4,600. வியாழன் இரவுச் சாப்பாட்டையும் வெள்ளியோடு சேர்த்தால், 600 கிராம் கார்ப் 2,400, புரோட்டீன் 100 கிராம் 400, கொழுப்பு 40 கிராம் 360. ஆக 3,160. அதாவது 810 கூடுதல். சனி சரிக்குச் சரி. ஞாயிறு 300 குறைவு. கூட்டிக் கழித்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 4,100 கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது வழக்கமான மதிப்பு. ஆகவே வாரத்துக்கு அரைக் கிலோ சொச்சம்.

இதே அரைக் கிலோவைத் தினம் 1,770 கலோரி சாப்பிட்டு, வழக்கம்போல ஜிம் போயும் இறக்கலாம். நாலு நாள் கஷ்டமும் இல்லை, ஒரு நாள் திணிப்பும் இல்லை. சுழற்சியில் மந்திரம் ஏதாவது இருக்கிறதா என்றால், நான் பார்த்தவரை இல்லை. ஒரு சிலருக்கு "இன்னும் இரண்டு நாள்தான்" என்ற எண்ணம் துணையாக இருக்கிறது. அந்த ரகம் நீங்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

பம்புசெட் | ஆகஸ்ட் 24

முதல் வாரம் முடிந்தது. எழுத நிறைய இருக்கிறது.

திங்கள் சுலபம். செவ்வாய் ஜிம்மில் 20 கிலோ டம்பெல் தூக்க முடியாமல் 12-க்கு இறங்கினேன். கைகால் வெறும் தோல்பை மாதிரி ஆகிவிட்டது. புதன் காலை சிராங்கூன் அண்ணன் சொன்னபடியே தலைவலி. கம்பெனியில் மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) அளவு இரண்டு தடவை தப்பாகப் படித்தேன், என் வேலையில் இது விளையாட்டு இல்லை. கேன்டீனில் ரசம் வாங்கி உப்புப் போட்டுக் குடித்ததும் முக்கால் மணி நேரத்தில் தெளிந்தது.

எடை இப்படி ஆடியது. திங்கள் 79.4. வியாழன் காலை 76.9. சனி காலை 79.1. வியாழன் அன்று தராசில் நின்று சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை எல்லாம் போச்சே என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் கணக்குப் புரிந்தது. ஒரு கிராம் கிளைகோஜன் சேர்ந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீர் சேரும். 500 கிராம் ஏறினால் இரண்டு கிலோ எடை வரும். இறங்கியதில் பெரும்பகுதியும் தண்ணீர்தான், ஏறியதும் தண்ணீர்தான். இனிமேல் வியாழனை வியாழனோடு மட்டும் ஒப்பிடப் போகிறேன்.

சனிக்கிழமை ஜிம் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்குவாட்டில் 110 கிலோ கழுத்துக்குப் பின்னால் ஏறினதும் பாரம் தெரியவில்லை. தொடை கல்லு மாதிரி இருந்தது. மூன்று வருடத்தில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

மருந்துச்சீட்டு | ஆகஸ்ட் 25

தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இழை நீளமாகப் போகிறது, படிக்கிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் இருப்பார்கள், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தைக் குறைக்காமல் கார்பை மட்டும் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து. கார்ப் ரொம்பக் குறைந்தால் ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) ஏறி அமிலமாகிவிடும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் தண்ணீர் இறங்கும்போது எழுந்து நின்றால் தலை சுற்றும். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் யாரும் தொடங்காதீர்கள். உப்பு அறிவுரையும் அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்குத்தான்.

பம்புசெட், உங்களுக்கு மாத்திரை எதுவும் இல்லைதானே?

பம்புசெட் | ஆகஸ்ட் 25

இல்லைங்க அண்ணா, எதுவும் இல்லை. தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிடுவதில் ஒன்று நீங்கள் சொன்ன டாபாகிளிஃப்ளோசின். "நானும் உன்கூட செய்யறேன்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நல்ல நேரத்தில் எழுதினீர்கள்.

பம்புசெட் | ஆகஸ்ட் 31

இந்த வாரம் எண்களைவிட வேறு ஒன்றை எழுத வேண்டும்.

புதன் விநாயகர் சதுர்த்தி. என் கணக்கில் மூன்றாவது குறைந்த நாள். வேலை முடிந்து வந்து முட்டை வெள்ளைக்கருவும் கீரையுமாக உட்கார்ந்தேன். மகளுக்கு 6 வயது. இரண்டு கையிலும் ஒரு கொழுக்கட்டையை ஏந்திக்கொண்டு வந்தாள். பிறை மாதிரி மடிக்க முயன்று நடுவில் கிழிந்து, பூரணத்தின் வெல்லம் ஒரு ஓரமாக வழிந்து காய்ந்திருந்தது. மாவில் அவள் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "அப்பா, இது நானே பிடிச்சது" என்றாள். "வெள்ளிக்கிழமை சாப்பிடறேன் கண்ணு" என்றேன். ஒன்றும் பேசாமல் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஞாபகமாக எடுத்துத் தந்தாள். கல்லாக இறுகியிருந்தது. ஆவியில் வைத்துச் சாப்பிட்டேன். அவள் விளையாடப் போய்விட்டாள், நான் சாப்பிட்டதைப் பார்க்கவில்லை.

வியாழன் எடை 76.5.

வைகைக்கரை | செப்டம்பர் 1

அண்ணா, நேற்றிலிருந்து அந்தக் கொழுக்கட்டையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கொழுக்கட்டையில் 20 கிராம் கார்ப் இருக்கும். உங்கள் விதி 50-க்குள். கணக்குப்படியே அன்று அதற்கு இடம் இருந்தது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, இந்த மாதிரித் திட்டம் நம் கண்ணை எப்படிக் கட்டுகிறது என்பது எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

நான் மதுரை, பிசியோதெரபிஸ்ட். 2021-இல் இதே மாதிரி ஒன்றைப் பத்து வாரம் செய்தேன், அப்போது என் எடை 58 கிலோதான். ஏழாவது வாரம் தூக்கம் போனது. மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை. திட்டத்தை நிறுத்தி இரண்டு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. உடம்பு பட்ட அதிர்ச்சி முடியில் தெரிய அத்தனை நாள் ஆகும். பெண்கள் யாராவது இந்த இழையைப் படித்து இறங்க நினைத்தால், மாதவிடாய் தள்ளிப்போவதை எடை குறைவதற்கான விலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்றே சாப்பாட்டைக் கூட்டுங்கள், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் புத்தகம் படித்தார்கள். மறுபடி சாப்பாடு கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. உங்கள் பட்டினி அந்த அளவு இல்லை, சரி. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு நிறுத்த முடிகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பம்புசெட் | செப்டம்பர் 13

வைகைக்கரை தங்கச்சி, நீங்கள் கேட்டது சரிதான். நேற்று இரவு 11 மணிக்கு 600 முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் சமையலறையில் நின்றபடியே அவல், அப்புறம் ஒரு பாக்கெட் பிஸ்கட், அப்புறம் தேங்காய் பர்பி. பசி இல்லை. கை போய்க்கொண்டே இருந்தது. மனைவி வந்து விளக்கைப் போட்டபோதுதான் நிறுத்தினேன்.

இந்த வார வியாழன் 75.7. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் நேற்று இரவு எனக்குப் பிடிக்கவில்லை.

சிராங்கூன் | செப்டம்பர் 13

தம்பி, 600-ஐ 450 ஆக்குங்கள். அந்த 600 கலோரியை நாலு குறைந்த நாளுக்கும் பிரித்துக் கொடுங்கள், நாளுக்கு 150 கூடும். வாரக் கணக்கு மாறாது. வெள்ளி இரவு 8 மணிக்குக் கடைசிச் சாப்பாடு, சோறும் கோழி நெஞ்சுக்கறியும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவல், பிஸ்கட் மாதிரி மெல்லத் தேவையில்லாததை இரவில் தொடாதீர்கள். எனக்கு இது உதவியது.

பம்புசெட் | செப்டம்பர் 16

செய்கிறேன் அண்ணா. இப்போது அடுத்த சிக்கல். நாளை புரட்டாசி பிறக்கிறது. வீட்டில் ஒரு மாதம் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. வெளியே சாப்பிட எனக்கு மனசில்லை, அம்மா விரதம் இருக்கும்போது அது சரியாகப் படவில்லை. கார்ப் இல்லாமல் 160 கிராம் புரோட்டீனுக்கு என்ன வழி?

தயிர்சாதம் | செப்டம்பர் 16

ஸ்ரீரங்கத்திலிருந்து, பிறந்ததிலிருந்து சைவம். இந்தக் கேள்விக்காகவே கணக்கு ஆரம்பித்தேன்.

பருப்பை நம்பாதீர்கள். 100 கிராம் துவரம்பருப்பில் புரோட்டீன் 22 கிராம்தான், கார்ப் 60 பக்கம். குறைந்த நாளுக்கு ஆகாது, அதை வெள்ளிக்கு வையுங்கள். பனீர் 100 கிராமில் புரோட்டீன் 18, ஆனால் கொழுப்பு 20-க்கு மேல். 200 கிராமுக்கே அன்றைய கொழுப்புக் கணக்கு முடிந்துவிடும். ஆடை நீக்கிய பாலை வீட்டிலேயே எலுமிச்சை விட்டுத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், கொழுப்பு பெரும்பாலும் போய்விடும். மீல்மேக்கர் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரோட்டீன், கார்ப் 33. ஒரு நாளைக்கு 60 கிராம் போதும். வென்னீரில் ஊறவைத்து இரண்டு தடவை நன்றாகப் பிழிந்து, மிளகு சீரகம் போட்டு வதக்குங்கள். பிழியாவிட்டால் அந்த வாடை போகாது. மீதிக்கு வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பொடி) இரண்டு ஸ்கூப்.

அப்படியும் 160 கிடைக்காது, 130 கிடைக்கும். உங்கள் எடைக்கு அது கிலோவுக்கு 1.7 கிராம் வருகிறது. தசையைக் காப்பாற்ற 1.6-க்குக் குறையாமல் இருந்தால் போதும், கவலைப்படாதீர்கள்.

பம்புசெட் | அக்டோபர் 4

ஏழாவது வாரம். புதன்கிழமை ஆயுதபூஜை.

எங்கள் கம்பெனியில் வருடத்தின் பெரிய நாள் அதுதான். லேத்திலிருந்து டெஸ்ட் பெஞ்ச் வரை எல்லாவற்றையும் டீசல் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி, கடலை, சுண்டல், ஸ்வீட் பாக்கெட் ஆளுக்கு ஒன்று. என் மைக்ரோமீட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். வீட்டில் மகள் அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தோடு என் ஜிம் பெல்ட்டையும் சாமி முன்னால் வைத்திருந்தாள்.

இந்தத் தடவை வாரத்தையே திருப்பிவிட்டேன். முந்தைய ஞாயிறே காலியாக்கும் பயிற்சியைத் தொடங்கி, திங்களும் செய்து, செவ்வாய் மாலை கனமான எடை, புதன் ஏற்றம். பொரியும் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் அந்த 450-க்குள் அடங்கின. பொங்கலில் நெய் இருந்தது, அதற்காக இரவு கொழுப்பில்லாமல் முடித்தேன். எந்தக் கிழமை என்பது உடம்புக்குத் தெரியாது, இதை நான் முதல் வாரமே யோசித்திருக்க வேண்டும்.

பம்புசெட் | அக்டோபர் 13

முடிந்தது. அக்டோபர் 9 வியாழன் எடை 73.8. முதல் வியாழன் 76.9, ஆக ஏழு வாரத்தில் 3.1 கிலோ. ஞாயிறோடு ஞாயிறு பார்த்தால் 79.4-இலிருந்து 75.8. இடுப்பு 93-இலிருந்து 88. ஸ்குவாட் 110-இல் 4 முறை வருகிறது, ஒரு ரெப் போனது. பெஞ்ச் மாறவில்லை. கணக்கன் சொன்ன அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே அமைந்தது. எச்பிஏ1சி நவம்பரில் எடுக்கிறேன், வந்ததும் இங்கே போடுவேன்.

இதைத் தொடரப் போவதில்லை. தினம் 2,100 கலோரி, வாரம் மூன்று நாள் கனமான எடை, வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதை அளந்து சாப்பிடுவது. வியாழன் காலை தராசில் நிற்பதும், சனி ஸ்குவாட்டுக்கு முந்தின நாள் சோறு கூட்டுவதும் இருக்கும். தீபாவளிக்கு அதிரசத்துக்கு மாவு பிசைய மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் தட்டுவதைச் சுடச் சுடச் சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

புதியவன்96 | அக்டோபர் 13

அண்ணா, முழு இழையும் படித்தேன். என் எடை 96, உயரம் 168, ஜிம் போனதில்லை. நாளையிலிருந்து உங்கள் திட்டத்தை அப்படியே தொடங்கலாமா?

சிராங்கூன் | அக்டோபர் 13

தம்பி, வேண்டாம். இது பல வருடம் எடை தூக்கியவர்கள் கடைசி நாலைந்து கிலோவை இறக்கச் செய்வது. முதலில் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரைப் பாருங்கள். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் முட்டையும் வையுங்கள். டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். தினம் முக்கால் மணி நேரம் நடை, வாரம் இரண்டு நாள் ஜிம். மூன்று மாதம் கழித்து எடையும் இடுப்பும் எழுதுங்கள், அதிலிருந்து பார்ப்போம்.

புதியவன்96 | அக்டோபர் 14

சரிங்க அண்ணா. இன்று காலை நடந்தேன், 40 நிமிடம். இடுப்பு 109.